நீ கேட்ட லிஸ்ட்

அன்புள்ள கண்ணுக்கு,

உன் மெசேஜ் வந்தது. சனிக்கிழமை ஆனால் நண்பர்கள் உன் வீட்டில் கூடி ஜாஸ் கேட்கிறீர்கள், எதில் ஆரம்பித்து எதுவரைக்கும் போகலாம் என்று அம்மா சொல்ல வேண்டும். சரி, சொல்கிறேன். உனக்கு என்னிடம் கேட்கத் தோன்றியதில் எனக்குப் பெருமைதான். அதிலேயே ‘நல்லா இருக்கேன்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அப்பாவும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

முதலில் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பம், 1959. எல்லாரும் சொல்வதுதானே என்று ஒதுக்கிவிடாதே. அதில் முதல் பாட்டு ‘ஸோ வாட்’. அதன் ஸ்வரங்கள் நம்ம கரகரப்பிரியாவேதான். நடுவில் எட்டு பார், அதாவது எட்டுத் தாளச் சுற்று மட்டும் அப்படியே அரை ஸ்வரம் மேலே ஏறிவிட்டு மறுபடி இறங்கும். உன் நண்பர்களுக்கு அந்த இடத்தைக் கைகாட்டிச் சொல், அப்புறம் அவர்களாகவே கேட்டுக்கொள்வார்கள். பழைய பதிப்பை மட்டும் வாங்காதே. முதல் நாள் ரெக்கார்டிங்கில் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் போட்டதும் முதல் பக்கத்து மூன்று பாட்டுகளும் சுருதி ஏறிவிட்டன. வீணையைக் கூட வைத்துப் பார், சேரவே சேராது. 1992இல்தான் திருத்தினார்கள்.

அடுத்து சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’. 1964 டிசம்பரில் பதிவானது. கடைசிப் பகுதியில் தாளம் என்று பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. அவரே எழுதிய பிரார்த்தனையை வாயால் சொல்லாமல், சொல் சொல்லாக சாக்ஸபோனில் சொல்லிக்கொண்டு போகிறார். உறையில் அந்தப் பிரார்த்தனை அச்சாகியிருக்கும், கையில் வைத்துக்கொண்டு கூடவே படித்தபடி கேளுங்கள். வெளிச்சம் வேண்டும், லைட்டை அணைத்துவிடாதே.

இது வரைக்கும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இனிமேல்தான் பார்த்துப் போக வேண்டும். இன்னொரு சாக்ஸபோன்காரர் ஆர்னெட் கோல்மனை ‘லோன்லி உமன்’ பாட்டில் ஆரம்பி. ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’ ஆல்பத்தின் முதல் பாட்டு, இதுவும் 1959தான். பியானோவே கிடையாது. டிரம்மும் பாஸும் அடியில் வேகமாக ஓடும், மேலே சாக்ஸபோனும், சின்ன டிரம்பெட் மாதிரி இருக்கும் கார்னெட்டும் எந்த அவசரமும் இல்லாமல் அழும். இரண்டும் ஒரே பாட்டா என்று தோன்றும். ஒரு வாரம் விட்டுத் திரும்பக் கேட்டால் வேறு எப்படி இருக்க முடியும் என்று தோன்றும். அதற்கு அப்புறம்தான் அவருடைய ‘ஃப்ரீ ஜாஸ்’ ஆல்பம். இடது காதில் நாலு பேர், வலது காதில் நாலு பேர், 37 நிமிடம் ஒரே மூச்சு. வலது பக்கத்தில் பாஸ் கிளாரினெட் வாசிப்பவர் எரிக் டால்ஃபி.

அவரைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். ‘அவுட் டு லஞ்ச்’, 1964 பிப்ரவரியில் பதிவு செய்தார். டிரம்ஸ் டோனி வில்லியம்ஸ், அப்போது 18 வயது. ‘சம்திங் ஸ்வீட், சம்திங் டெண்டர்’ என்று ஒரு பாட்டு, அதில் பாஸ் கிளாரினெட்டும் வில் போட்டு வாசிக்கும் பாஸும் சேர்ந்து வரும் இடத்தை நீ கேட்டே ஆக வேண்டும். உறையில் ஒரு கடை வாசல் போர்டு, திரும்பி வருவோம் என்று எழுதி, கீழே ஒரு கடிகாரம், அதற்கு ஏகப்பட்ட முள். எத்தனை மணிக்கு வருவார் என்றே தெரியாது. அந்த ஆல்பம் கடைக்கு வரும்போது அவர் இல்லை. ஜூன் மாதம் பெர்லினில் போய்விட்டார். சர்க்கரை. தனக்கு அது இருப்பது அவருக்கே தெரியாதாம். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, போதை கிடையாது. 36 முடிந்து ஒன்பது நாள்.

உனக்கு வருகிற ஐப்பசியில் 36.

நீயும் அதைத்தான் சொல்வாய், குடிக்கிறேனா, சிகரெட் பிடிக்கிறேனா, எனக்கு என்னம்மா வரும் என்று. போன தடவை வந்திருந்தபோது ராத்திரி எழுந்து எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாய். எனக்குத் தூக்கம் வரவில்லை, கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தேன். கொடியில் காயப்போட்டிருந்த உன் பேண்ட்டிலிருந்து பெல்ட்டை எடுத்தபோது அதில் ஆணியால் போட்ட புது ஓட்டை. அத்தை மகள் கல்யாணத்தில் எல்லாரும் ‘ஸ்லிம்மாயிட்டானே’ என்றார்கள், நீயும் சிரித்தாய். தாத்தாவின் கால் விஷயம் உனக்குத் தெரியாததில்லை. அப்பா எதையும் வாய்விட்டுக் கேட்க மாட்டார். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நீ போட்டோ அனுப்புகிறாய், நான் கூப்பிட்டால் மட்டும் மீட்டிங்.

டெஸ்ட் ஒன்றும் பெரிய வேலை இல்லை. வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, மூன்று மாத சராசரி ஒன்று. மூன்றும் எடு. வெறும் வயிற்றில் என்றால் காப்பியும் கூடாது, நீ அதைக் கணக்கிலேயே எடுக்க மாட்டாய் என்பதால் சொல்கிறேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. கோல்ட்ரேனின் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேனின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’, 1971. அந்தச் சச்சிதானந்தர் வேறு யாரும் இல்லை, நம்ம கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் பிறந்த சாமி. தம்புரா மீட்டிக்கொண்டே இருக்க, அதன் மேல் ஹார்ப், பாஸ், ஃபேரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன். ‘ஃப்ரீ ஜாஸ்’ கேட்டுக் களைத்துப்போனவர்களுக்கு அடுத்தது இதைப் போடு, சண்டை வராது.

லேப் சனிக்கிழமை காலையில் திறந்திருக்கும் இல்லையா? நண்பர்கள் சாயங்காலம்தானே வருகிறார்கள். காலையில் போய்விட்டு வா. ரிப்போர்ட்டை அப்பாவுக்கு வேண்டாம், எனக்கு அனுப்பு. எந்த நம்பர் வந்தாலும் அனுப்பு.

அம்மா