வள்ளிக்கு, பல் விஷயமாக

தேவகோட்டை

அன்புள்ள வள்ளி,

உன் கடிதம் கிடைத்தது. போன பல்லுக்கு வேராகக் கீழ்க் கடைவாய் எலும்பில் டைட்டானியத் திருகாணி, அதுதான் இந்த இம்ப்ளான்ட், வைக்க நாள் குறித்தாகிவிட்டது, எலும்பில் துளை போடுவதை நினைத்தாலே தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். அதை விடு. மரத்துப்போக ஊசி போட்ட பிறகு அழுத்துவதும் அதிர்வதும்தான் தெரியும். எனக்குப் பல் பிடுங்கியதைவிட இது லேசாகவே இருந்தது. பாடெல்லாம் அதற்கப்புறம்தான். அதுவும் வலிக்கிற நாட்களில் இல்லை. வலி நின்று, பல் நினைப்பே இல்லாமல் போகிற மாதங்களில்.

முதல் நாள் பஞ்சுத் துணியை அரை மணியாவது இறுக்கிக் கடித்திரு. நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதே. அன்றைக்குக் கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சவும் கூடாது. உறைந்த ரத்தம்தான் புண்ணுக்கு மூடி. அது பெயர்ந்தால் மறுபடி கசியும். எச்சில் லேசாகச் சிவந்தால் பயப்படாதே. ஐஸை மெல்லிசான பழைய புடவைத் துணியில் சுற்றி, 20 நிமிஷம் கன்னத்தில் வை, 20 நிமிஷம் எடுத்துவிடு. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். எனக்குத் தாடையிலிருந்து கழுத்துவரை நீலம் பாரித்து, பிறகு மஞ்சளாகி வடிந்தது. பார்க்க வந்த ஆச்சிமார்கள் யார் அடித்தது என்று கேட்காத குறைதான்.

மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். வேகமாகக் கொப்பளிக்காமல், தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துவிட்டுத் தானாக வழியவிடு. குளோர்ஹெக்சிடின் என்று வாய் கொப்பளிக்கிற மருந்தும் எழுதிக் கொடுப்பார்கள். அது நாக்கு ருசியைக் கெடுக்கும். எங்கள் வீட்டு மிளகு ரசமே எனக்குச் சுடுதண்ணீராக இருந்தது. அத்தோடு காபியும் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். பின்னால் சுத்தம் செய்தால் போய்விடும்.

சாப்பாட்டுக்கு நமக்கென்ன பஞ்சம்! இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், குழைந்த பருப்புச் சாதம், எல்லாம் ஆறவைத்து. இனிப்புக் கும்மாயம் இதற்கென்றே செய்தது மாதிரி வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் உனக்குச் சர்க்கரை இருக்கிறதே. கவுனி அரிசி பக்கம் போகாதே. எவ்வளவு வேகவைத்தாலும் அதன் குருணை தையலில் போய் உட்காரும்.

ஒரு வாரம், பத்து நாளில் தையல் பிரித்ததும் எல்லாம் முடிந்த மாதிரி இருக்கும். அங்கேதான் ஏமாறுவோம்; திருகாணி இன்னும் எலும்போடு ஒட்டியிருக்காது. ஸ்வீடனில் பிரனெமார்க் என்ற டாக்டர் 1952-இல் முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தி ஆராய்ந்தபோது, பிறகு அதைக் கழற்றவே முடியவில்லையாம்; எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருக்கிறது. அப்படி ஒட்டுவதை நம்பித்தான் 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு வைத்தார். ஒட்டக் கீழ்த் தாடையில் மூன்று நான்கு மாதம் ஆகும், எலும்பு மிருதுவான மேல் தாடையில் இன்னும் கூடுதல். இதில் ஒரு வேடிக்கை: வைத்த அன்று திருகாணியின் மரை பிடித்திருக்கும். பிறகு சுற்றியுள்ள பழைய எலும்பு கொஞ்சம் கரைந்து, புது எலும்பு அந்த இடத்துக்கு வர வேண்டும். அந்த இடைவெளி, சுமார் மூன்றாவது நான்காவது வாரம், பிடிப்பு குறைவான நேரம். வலியோ துளியும் இருக்காது. எனக்குச் சரியாக அந்தச் சமயத்தில்தான் பங்காளி வீட்டுக் கல்யாணம். வளவில் உட்கார்ந்தால் தட்டில் தேன்குழலும் சீப்புச் சீடையும். "அந்தப் பக்கம்தான் புண்ணு, இந்தப் பக்கம் கடியேன்" என்று உபசாரம் வேறு. பணியாரத்தை மட்டும் பிய்த்துப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன்.

உனக்கென்று தனியாக இரண்டு சொல்ல வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை போடுகிறாயே, அதைப் பல் டாக்டரிடம் இப்போதே சொல். அந்த வகை மாத்திரை போடுகிறவர்களில் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போவது உண்டு. நீயாக நிறுத்தவும் செய்யாதே. மூன்று மாதச் சர்க்கரைச் சோதனையையும் பார்த்துக்கொள். சர்க்கரை ஏறியிருந்தால் புண் ஆறுவது மெதுவாகும். வெற்றிலை பாக்கு கொஞ்ச காலம் வேண்டாம், கிராம்பு எண்ணெய் வைத்தியமும் வேண்டாம்.

மறுநாளும் உதடோ தாடையோ மரத்தே இருந்தால், நாலு நாள் கழித்தும் வீக்கம் ஏறினால், சீழோ காய்ச்சலோ வந்தால் உடனே போன் பண்ணு. கீழ்த் தாடைக்குள் நரம்பு ஓடுகிறது. மரப்பை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதே.

எலும்பு ஒட்டி, திருகாணியின் மேல் பல் மாட்டிய பிறகு அதற்குச் சொத்தை வராதுதான், ஆனால் சுற்றி ஈறு அழுகி எலும்பு கரையலாம். சந்துக்குள் போகிற குட்டிப் பிரஷ் விற்கிறது, ராத்திரி தவறாமல் போடு. இம்ப்ளான்டின் கம்பெனி, அளவு எழுதிய அட்டை ஒன்று கேட்டு வாங்கி பீரோவில் வை. பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் காட்டினாலும் திருகாணிக்கு எந்தத் திருகுச் சாவி பொருந்தும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமே.

துணைக்கு வரச் சொன்னால் வருகிறேன். தேதியை மட்டும் எழுது, பஸ்ஸா ரயிலா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் தேவகோட்டைத் தோழி