அரிசி பொறுக்கும் கைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வெளிநாட்டில் பண்டிகைச் சமையலை விடாமல் காப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கறிவேப்பிலை முதல் அச்சு வெல்லம் வரை இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது, இனிக் கவலையில்லை என்று முடித்திருந்தார்கள். சாமான் கிடைத்தால் போதும் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஐந்து வருடம் ஒரு வீட்டுக்குள் இருந்து பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

2014 முதல் 2019 வரை தெற்கு இஸ்ரேலில், பீர்ஷேபா பக்கத்தில் உள்ள நெவாத்திம் கிராமத்தில் ஒரு வயதான அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். கேரளக் கரையில் தலைமுறைகளாக வாழ்ந்த கொச்சி யூதர்கள் 1954-இல் வந்து குடியேறிய ஊர் அது. அந்த அம்மா பிறந்தது கொடுங்கல்லூருக்குப் பக்கத்துப் பரவூரில். கப்பல், விமானம் எல்லாம் பார்த்து இஸ்ரேலில் வந்து இறங்கியபோது வயது பன்னிரண்டு. மார்த்தாண்டத்துக்காரியான எனக்கு மலையாளம் தெரியும் என்பதால் எங்களுக்குப் பேச்சில் சிரமமே இல்லை. நான் அவரை அம்மச்சி என்பேன், அவர் என்னை 'மோளே' என்பார்.

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் பண்டிகை பஸ்கா. அதன் இரவு விருந்தின் முடிவில் 'அடுத்த வருடம் எருசலேமில்' என்று சொல்வது உலகம் முழுக்க யூதர்களின் வழக்கம். பரவூரில் தலைமுறை தலைமுறையாக அதைச் சொன்னவர்கள் கடைசியில் வந்தே விட்டார்கள். வந்ததும் பண்டிகையே மாறிப்போனது. அந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பஸ்கா எட்டு நாள், முதல் இரண்டு இரவும் விருந்து. நாட்டுக்குள் ஏழு நாள், ஒரே இரவு. அந்த இரண்டாவது இரவு இல்லாமல் போனதில் தன் அம்மாவுக்குக் கடைசிவரை குறை இருந்தது என்று அம்மச்சி சொல்வார்.

அதைவிடப் பெரிய அடி தேங்காய். இறைச்சியையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். கொச்சியில் அது ஒரு தடையாகவே இருந்ததில்லை, தேங்காய்ப்பால் இருக்கிறதே! கோழிக்கறியோ ஆட்டுக்கறியோ, தாராளமாக ஊற்றலாம். இஸ்ரேலில் அப்போது ரேஷன் காலம். தேங்காயைக் கண்ணால் பார்க்க முடியவில்லையாம். தக்காளியை வைத்து ஒப்பேற்றிய அந்த வருடங்களைச் சொல்லும்போது அம்மச்சியின் குரல் தாழ்ந்துவிடும்.

என் காலத்தில் அந்தக் கஷ்டம் இல்லை. துருவிய தேங்காய் உறைய வைத்து வந்தது, டப்பாவில் தேங்காய்ப்பால் வந்தது, முற்றத்தில் கறிவேப்பிலை மரமே நின்றது. கட்டுரையின் கணக்குப்படி அந்த வீட்டில் எதுவும் குறைந்திருக்கக் கூடாது.

சரி, என்ன குறைந்தது என்று சொல்கிறேன். பஸ்காவுக்குக் கோதுமை, வாற்கோதுமை முதலான ஐந்து தானியத்தில் புளித்தது எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. புளிப்பில்லாத அப்பத்தைக்கூட, மாவில் தண்ணீர் பட்டுப் 18 நிமிடத்துக்குள் சுட்டு முடிக்க வேண்டும். அரிசி அந்த ஐந்தில் இல்லை. கொச்சிக்காரர்கள் பஸ்காவில் சோறு சாப்பிடுவார்கள். ஆனால் அதற்குள் ஒரு கோதுமை மணிகூடக் கலந்திருக்கக் கூடாது. அதனால் கொச்சியில் ஹனுக்கா என்னும் விளக்குப் பண்டிகை முடிந்த கையோடு, பண்டிகைக்கு மூன்று மாதத்துக்கு மேல் இருக்கும்போதே, பெண்கள் அரிசி பொறுக்க உட்கார்ந்துவிடுவார்களாம். ஒவ்வொரு மணியாகப் பார்த்து, உடைந்ததை ஒதுக்கி, நல்லதைத் தனிப் பாத்திரத்தில் போட்டு மூடி வைப்பது. அப்புறம் வீட்டுக்கு வெள்ளையடிப்பது, கிணற்றை இறைத்துக் கழுவுவது, உலர்திராட்சையில் ரசம் எடுப்பது, எல்லோரும் கூடி அப்பம் சுடுவது.

நெவாத்திமில் கிணறு கிடையாது. அப்பம் கடையில் அட்டைப்பெட்டியில் வருகிறது, திராட்சை ரசம் பாட்டிலில் வருகிறது. மிஞ்சியது அரிசி ஒன்றுதான். அம்மச்சி பெரிய மேசையில் வெள்ளைத் துணி விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் உட்காருவார். அந்த மேசையில் முன்பு அவருடைய அம்மா, இரண்டு அத்தைமார், பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று ஏழெட்டுப் பேர் இருப்பார்களாம். பழைய மலையாளப் பாட்டுப் பாடிக்கொண்டே பொறுக்குவார்களாம். நான் போனபோது அவர் ஒருவர் மட்டுமே. நானும் கூட உட்கார்ந்தேன். ஒரு முறை பார்த்ததை மறுபடி பார்க்கச் சொல்வார், அப்புறம் மூன்றாவது முறையும். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது. எந்தக் கறிக்கு எவ்வளவு வினாகிரி, யார் கல்யாணத்தில் என்ன பரிமாறினார்கள், எல்லாம் அந்த மேசையில்தான் எனக்குக் கிடைத்தது. அரிசியை இயந்திரத்தில் சுத்தம் செய்து முத்திரை குத்தி விற்கிறார்கள், வாங்கித் தருகிறேன் என்று மகன் ஒவ்வொரு வருடமும் கேட்பார். அது தப்பில்லை. ஆனால் அந்தப் பை வந்த நாளில் மேசை காலியாகிவிடும்.

மருமகள் போலந்து வழி வந்த குடும்பம். அவர்கள் வழக்கத்தில் பஸ்காவுக்கு அரிசியே கூடாது. நல்ல பெண், அம்மச்சியிடம் மரியாதையாகத்தான் இருப்பாள். ஆனாலும் மகன் வீட்டில் அவள் வழக்கமே நிலைத்துவிட்டது. ஒரு பஸ்கா இரவில் பேரன் சோற்றுத் தட்டைப் பார்த்து, "இது நமக்கு ஆகுமா?" என்று தன் அம்மாவைக் கேட்டான். அம்மச்சி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

நானே செய்து கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். முடியாது. அரைப்பது, நறுக்குவது எல்லாம் என் கை. அடுப்பைப் பற்ற வைப்பதும் சட்டியை ஏற்றுவதும் அம்மச்சி கைதான். யூதர் அல்லாத ஒருவர் முழுதாகச் சமைத்தது அவர்களுக்கு ஆகாது. திராட்சை ரசத்தை நான் தொடவே மாட்டேன். எனக்கு அதில் மனக்குறை இல்லை. அவருக்கு முட்டிவலி கூடிய கடைசி வருடத்தில் மட்டும், அடுப்பு வரை நடந்து வருவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். கொங்கணக் கரையிலிருந்து போன பெனே இஸ்ரேல் என்னும் யூத மக்கள் அவல், தேங்காய், சர்க்கரை கலந்து எலியா தீர்க்கதரிசி பெயரால் படைக்கும் மலிதாவை அங்கேயும் விடாமல் வைத்திருக்கிறார்கள், காரணம் அதை ஊர்கூடிச் செய்கிறார்கள். ஹனுக்காவுக்கு அம்மச்சி சுடும் ரவை நெய்யப்பத்துக்கும் குறையில்லை, சுடச்சுட எடுக்கப் பேரப்பிள்ளைகள் அடுப்படியில் நிற்பார்கள். பல நாள் பலர் உட்கார வேண்டிய வேலைதான் முதலில் போகிறது.

அதனால் உங்கள் இதழிடம் ஒன்று கேட்கிறேன். குமரி மாவட்டத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் இந்த வேலைக்குப் போன பெண்கள் நிறையப் பேர். அங்கே கொச்சி யூதர் வீடுகளில் இருப்பவர்களுக்கு அந்தப் பாட்டிமார் மலையாளத்தில் சொல்வது புரியும். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் புரியாது. கேட்டதை எழுதி வையுங்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள். எழுதியனுப்பினால் வெளியிடுங்கள்.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தேன், தமிழில்தான். அம்மச்சி 2021-இல் காலமானார். போன வருடம் ஜனவரியில் அவருடைய பேத்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் தமிழில் எழுதியதை எனக்குத் தெரிந்த எபிரேயத்தில் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். பேரீச்சம்பழப் பாகுக்கு 'ஒரு பிடி' கொட்டைப் பருப்பு என்று நோட்டில் இருந்தது. யார் பிடி என்று கேட்டாள். பாட்டியின் கை சின்னது, உன் கையில் முக்கால் பிடி போடு என்றேன். மேசையில் துணி விரித்தாயிற்று, கூட இரண்டு தோழிகள் வருகிறார்கள் என்றாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மார்த்தாண்டம்.