நடுச்சுவரைத் திரும்பக் கட்டாதீர்கள்: சேகரத் தேர்தலில் நிற்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும், ஸ்தோத்திரம்.

நம் தென்னிந்தியத் திருச்சபையில், ஒரு போதகரின் கீழுள்ள சபைகளைக் கவனிக்கிற சேகரக் கமிட்டிக்கும், அவற்றுக்கு மேலே இருக்கிற திருமண்டலப் பெருமன்றத்துக்கும் நிற்கப்போகிறவர்களுக்கும், அவர்களுக்காக வீடு வீடாக வரப்போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எங்கள் சேகரத்தில் மட்டும் நடக்கிற காரியமாக இருந்தால் நேரில் வந்து பேசியிருப்பேன். ஆனால் தென் மாவட்டங்களில் எந்தச் சொந்தக்காரரிடம் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். அதனால் பொதுவில் எழுத வேண்டியதாயிற்று.

போன தேர்தலுக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டுக்கு நான்கு பேர் வந்தார்கள். நல்ல மனிதர்கள். ஜெபம் பண்ணிவிட்டுத்தான் பேச்சையே தொடங்கினார்கள். அப்புறம் ஒருவர் ஒரு நோட்டைத் திறந்து, எங்கள் பகுதியில் ஓட்டு உள்ளவர்களின் பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து. எந்தச் சாதி என்பதற்கு அடையாளம் அது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பதினோரு வீடுகளை அவர் வாசிக்கவே இல்லை. கேட்டதற்கு, "அவங்க வேற பக்கம், அங்க போய்ப் பிரயோஜனம் இல்ல" என்றார். "நம்ம ஆளுங்க ஓட்டு சிதறக்கூடாது, அவ்வளவுதான்" என்று சொல்லி எழுந்தார்கள்.

நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. காபி கொடுத்து அனுப்பினேன். அவர்கள் சொன்னவருக்கே ஓட்டும் போட்டேன். இதை முதலில் அறிக்கையிடாமல் உங்களுக்கு எதையும் சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

தேர்தல் முடிந்த மறு ஞாயிறு ஆராதனையில் வாசிக்கப்பட்டது, அப்போஸ்தலன் பவுல் எபேசு பட்டணத்துச் சபைக்கு எழுதிய எபேசியர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரம். சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை கேட்ட பகுதிதான். அன்றைக்கு அது என்னைக் குத்திவிட்டது.

ஆதிகாலங்கள் முதல் தேவனுக்குள் மறைந்திருந்த ஒரு இரகசியம் இப்போது வெளிப்பட்டது என்று பவுல் அங்கே எழுதுகிறார். அது என்ன இரகசியம்? உலகம் எப்போது முடியும் என்பதல்ல, அந்திக்கிறிஸ்து யார் என்பதுமல்ல. யூதரும், யூதரல்லாத புறஜாதியாரும் கிறிஸ்துவுக்குள் உடன்சுதந்தரராய், ஒரே சரீரமாய் ஆக்கப்பட்டார்கள் என்பதே அந்த இரகசியம். தேவனுடைய ஞானம் உன்னதங்களிலுள்ள துரைத்தனங்களுக்கும் அதிகாரங்களுக்கும் "சபையின் மூலமாய்" தெரியவர வேண்டும் என்பதற்காக இது நடந்ததாம். அதுவும் தேவன் கொண்டிருந்த "அநாதி தீர்மானத்தின்படியே" நடந்ததாம். அநாதி என்றால் தொடக்கம் இல்லாதது. ஏதேன் தோட்டத்துக்கும் பாவத்துக்கும் முன்னாலேயே தேவனுடைய மனதில் இருந்தது. முதலாம் அதிகாரத்தில் "உலகத்தோற்றத்துக்கு முன்னே" என்று சொன்னவர், மூன்றாம் அதிகாரத்தில் அந்தத் திட்டம் பூமியில் எங்கே கண்ணுக்குத் தெரியும் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுகிறார். அவர் காட்டுகிற இடம் சபை.

இஸ்ரவேல் மேசியாவை மறுத்ததால் நடுவில் செய்துகொண்ட தற்காலிக ஏற்பாடுதான் சபை என்று 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு போதனை உண்டு. அதை நம்புகிற பக்தியுள்ள பலரை எனக்குத் தெரியும். ஆனாலும் "அநாதி தீர்மானம்" என்ற இந்த இரண்டு வார்த்தைகளோடு அதை எப்படி ஒட்டவைப்பது என்று எனக்கு விளங்கவில்லை. நம்மில் அதிகம்பேர் அந்தப் போதனையைக் கேள்விப்பட்டதே இல்லை. இருந்தும் நம் நடத்தை அதைவிட மோசமான ஒன்றைச் சொல்கிறது. பரலோகத்துக்கு வண்டி வரும்வரை உட்கார்ந்திருக்கிற இடம் சபை, உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பள்ளிக்கூட நிர்வாகத்தையும் வேலை நியமனத்தையும் பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல நடக்கிறோம்.

அந்த வசனத்தில் 'அநந்த ஞானம்' என்று நம் வேதாகமத்தில் இருக்கிறதே, அதன் கிரேக்கச் சொல்லுக்குப் பல வண்ணங்கள் கொண்டது என்று பொருள். யாக்கோபு தன் மகன் யோசேப்புக்குச் செய்துகொடுத்த அங்கிக்குக் கிரேக்க ஆதியாகமத்தில் வருகிற சொல்லும் இதே வேர்தான். நம் தமிழில் அது 'பலவருணமான அங்கி'. வருணம் என்ற சொல்லுக்குத் தமிழில் இருக்கிற இன்னொரு அர்த்தம் உங்களுக்குத் தெரியும். எல்லா வருணமும் ஒரே துணியில் நெய்யப்பட்டிருப்பதுதான் தேவனுடைய ஞானம். நாமோ நூலை உருவி வேறுவேறு கண்டாகச் சுற்றிவைத்து ஓட்டு எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

பவுல் இதைச் சும்மா எழுதவில்லை. இந்த வார்த்தைகளுக்காக அவர் சிறையில் இருந்தார். எருசலேம் தேவாலயத்தில் புறஜாதியார் நிற்கிற வெளிப்பிராகாரத்துக்கும் உள்பகுதிக்கும் நடுவே ஒரு கல்தடுப்பு இருந்தது. மூன்று முழ உயரம் என்று அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். அதைத் தாண்டுகிற அந்நியன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்க எழுத்தில் பொறித்த கல் ஒன்று 1871-ல் எருசலேமில் கண்டெடுக்கப்பட்டது. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எபேசியனாகிய துரோப்பீமுவைப் பவுலோடு நகரத்தில் பார்த்தவர்கள், அவனைத் தேவாலயத்துக்குள்ளும் கூட்டிப்போயிருப்பார் என்று நினைத்துக் கலகம் பண்ணினார்கள் என்று அப்போஸ்தலர் 21-ல் வாசிக்கிறோம். அந்தக் கலகத்தில்தான் பவுல் கைதானார். செசரியா, அப்புறம் ரோமாபுரி என்று வருஷக்கணக்கில் காவல். அந்தக் காவலிலிருந்துதான் எபேசியருக்கு எழுதுகிறார்: கிறிஸ்து "பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து" இருதிறத்தாரையும் ஒன்றாக்கினார் என்று.

அவர் இதை எழுதும்போது எருசலேமில் அந்தச் சுவர் அப்படியே நின்றுகொண்டிருந்தது. தேவாலயத்தோடு அது அழிந்தது கி.பி. 70-ல்தான். கண்ணுக்கு முன்னால் கல் நிற்கிறது, அதனால்தான் தன் கையில் விலங்கு, இருந்தும் "தகர்த்து" என்று எழுதுகிறார் பாருங்கள். "சாதி இல்லாமல் இந்த ஊரில் எதுவும் நடக்காது, யதார்த்தத்தைப் பாருங்கள்" என்று என்னிடம் சொல்கிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். பவுலுக்கும் யதார்த்தம் தெரிந்திருந்தது.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் ஒரு கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு கைபோலப் பிரிந்து போகிற இரண்டு மண்டபங்கள். இந்தச் சாதிக்கு இது, அந்தச் சாதிக்கு அது. நடுவே நிஜமான சுவர். எபேசியர் நிருபத்தை அந்தப் பீடத்தில் வாசித்திருப்பார்களே, சுவருக்கு இரண்டு பக்கமும் காதில் விழுந்திருக்குமே என்று நினைத்து நினைத்து எனக்கு ஆறுவதில்லை. 1910-ல் அந்தச் சுவரை இடித்தார்கள். இடித்தது தப்பு என்று வழக்கே போட்டார்கள், அது நிற்கவில்லை.

அது கத்தோலிக்கர் கதை என்று நாம் ஒதுங்க முடியாது. நம் முன்னோர் நிலை என்னவாக இருந்தது? சபைக்குள் சாதி வேற்றுமையைக் கைவிட வேண்டும் என்று 1833-ல் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன் நம் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். அதைப் பொறுக்க முடியாமல் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே போனார்கள். கிறிஸ்துவை விட்டாலும் விடுவோம், பந்தி வரிசையை விடமாட்டோம் என்றவர்களும் நம் சபை வரலாற்றில்தான் இருக்கிறார்கள்.

ஆனால் அதே வரலாற்றில் தரங்கம்பாடியும் இருக்கிறது. 1919 மே மாதம் அங்கே கூடியவர்கள், பிரிந்து கிடக்கிற சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை எழுதினார்கள். முன்நின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, ஆங்கிலிக்க சபையின் முதல் இந்தியப் பேராயர். பேச்சுவார்த்தை 28 வருஷம் இழுத்தது. ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், ஏற்கெனவே ஒன்றுசேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையார் எல்லாரும் சேர்ந்து 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 புத்தாண்டு அன்றே மரித்துப்போனார். நாடு இரண்டாகப் பிரிந்து, வடக்கே ரத்தம் ஓடிக்கொண்டிருந்த அந்த நாட்களில் இங்கே பிரிந்தவர்கள் ஒன்றானார்கள். நம் திருச்சபையின் சின்னத்தில் "எல்லாரும் ஒன்றாயிருக்கவும்" என்று கர்த்தரின் ஜெபமே பொறிக்கப்பட்டிருக்கிறது. தேர்தல் நோட்டீஸில் உங்கள் போட்டோவுக்கு மேலே அந்தச் சின்னத்தைத்தானே போடுகிறீர்கள்?

ஒரு நியாயமான கேள்வி வரும் என்று தெரியும். "காலங்காலமாகக் கோயிலில் பின்னால் நிறுத்தப்பட்டவர்கள் எங்களுக்கும் இடம் கொடுங்கள் என்று கேட்டால் அதுவும் சாதிதானா?" இல்லை. அது வேறு. வேதாகமத்தில் இருக்கிற முதல் சபைத் தேர்தலைப் பாருங்கள், அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரம். கிரேக்கு பேசுகிறவர்களின் விதவைகள் அன்றாடப் பந்தி விசாரிப்பில் விடப்பட்டார்கள். முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர் அதை அடக்கவில்லை, "ஆவிக்குரிய காரியத்தைப் பேசுங்கள்" என்று தட்டிக்கழிக்கவும் இல்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். சபை தெரிந்தெடுத்த ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்ற ஏழு பேரையும் கவனியுங்கள். ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்களின் பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்துச் சாப்பாட்டுப் பொறுப்பையே அவர்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். தலை எண்ணினால் பெரும்பான்மை உள்ளூர் மொழி பேசுகிற எபிரெயர் பக்கம் இருந்திருக்கும். அவர்கள் தலை எண்ணவில்லை. பின்னுக்குத் தள்ளப்பட்டவனை முன்னே கொண்டுவர அவன் யார் என்று பார்ப்பதும், அதிகாரம் நம் கையைவிட்டுப் போகாமலிருக்க அவன் யார் என்று பார்ப்பதும் ஒன்றாகாது.

இன்னொன்றையும் சொல்வீர்கள்: "கமிட்டி நிர்வாகம், நற்கருணைதான் ஆவிக்குரியது." சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசனத்தன்று இதை யோசித்துப் பாருங்கள். எல்லா வீட்டு அரிசியும் ஒரே குவியலாகக் கொட்டப்படுகிறது. எது யார் வீட்டு அரிசி என்று அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது. ஒரே அண்டாச் சோறு, ஒரே கறிக்குழம்பு. சின்ன வயதில் என் ஆச்சி அந்தப் பந்தியில் என்னை உட்காரவைத்து, "பரலோகத்துலயும் இப்படித்தான்லே உக்காரணும், இப்பவே பழகிக்கோ" என்பாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எபேசியர் நிருபத்தை அவளைவிடச் சரியாக எனக்கு யாரும் விளக்கியதில்லை. அந்தப் பந்தியில் உட்கார்ந்து எழுந்த கையால் மறுவாரம் நோட்டில் எழுத்துப் போடுகிறோமே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதனால் நிற்கிறவர்களிடம் கேட்கிறேன். அந்த நோட்டை எரித்துவிடுங்கள். "நம்ம ஆளு" என்று உங்களுக்காக யாராவது ஓட்டு கேட்டால், அவர் உங்கள் மச்சானாக இருந்தாலும், எல்லார் முன்பாகவும் அதை மறுத்துச் சொல்லுங்கள். இன்னும் தனித்தனிப் பகுதியாகக் கிடக்கிற கல்லறைத் தோட்டம் எங்கேயாவது இருந்தால், ஜெயித்தபின் முதல் கூட்டத்திலேயே அதை எடுத்துப் பேசுவேன் என்று வாக்குக் கொடுங்கள். தோற்றாலும் பரவாயில்லை என்று நிற்க மனமில்லாதவர்கள் தயவுசெய்து நிற்கவே வேண்டாம்.

அன்று எங்கள் வீட்டுக்கு வந்த நான்கு பேரில் ஒருவர் இந்த முறை தாமே நிற்கிறார் என்று கேள்விப்பட்டேன். அண்ணாச்சி, கட்டாயம் வாங்க. காபி உண்டு, ஜெபமும் பண்ணலாம். ஆனால் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் வாய்க்காலைத் தாண்டி அந்தப் பதினோரு வீட்டுக்கும் போய்விட்டு வாருங்கள். அவர்களும் சபைக்குச் சங்கச் சந்தா கட்டுகிறவர்கள்தான். அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, கொடுப்பதை வாங்கிக் குடியுங்கள், சபையில் என்ன குறை என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதை எனக்கு வந்து சொல்லுங்கள். என் ஓட்டைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

ஒரே சரீரத்தில் உங்களோடு ஓர் அவயவமாயிருக்கிற,
உங்கள் சகோதரன்