லைனில் நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

நோவை, மிச்சிகன்
பிப்ரவரி 2024

அன்புடையீர்,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து ஆடும் டிட்ராயிட் லயன்ஸ் அணியின் 2023ஆம் ஆண்டு சீசன் சென்ற ஜனவரி 28ஆம் தேதி கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் முடிந்துவிட்டது. இடைவேளையின்போது 24–7 என்று முன்னால் நின்ற நம் அணி, சான் ஃபிரான்சிஸ்கோ அணியிடம் 34–31 என்று தோற்று, இறுதி ஆட்டமான சூப்பர் பௌலின் வாசலோடு திரும்பியது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஆனாலும் இந்த ஐந்து மாதங்களில் எனக்கும் இந்த ஊருக்கும் கிடைத்தது சிறியதன்று. அதற்குக் காரணமானவர்களுள் பலருக்கு நேரில் நன்றி சொல்ல எனக்கு வழியில்லை. சிலருக்கோ நேரில் சொல்லத் தொடங்கினாலே பேச்சை மாற்றிவிடுகிறார்கள். ஆகையால் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் நன்றி என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு. 2008 அக்டோபரில் நான் மிச்சிகனுக்கு வந்து சேர்ந்தபோது கார்த் தொழிலே ஆட்டங்கண்டிருந்தது. அடுத்த ஆண்டு கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் திவால் மனு கொடுத்தன. உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தர ஆய்வுப் பிரிவில் எனக்குக் கிடைத்திருந்த வேலை என்றைக்குப் போகுமோ என்ற அச்சத்தோடும், பனியைத் தள்ள ஒரு மண்வாரிகூட இல்லாமலும் வாசலில் நின்றுகொண்டிருந்த என்னை, தம் வாசலைத் தள்ளி முடித்த கையோடு என் வாசலையும் தள்ளிவிட்டு, ஆட்டம் பார்க்க வருகிறாயா என்று வீட்டுக்குள் அழைத்தவர் அவர். அந்த ஆண்டு லயன்ஸ் ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்றது. ஒரு சீசனின் 16 ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லாத முதல் அணி என்ற பெயரும் அப்போது வந்ததுதான். தோற்கப் போகிறார்கள் என்று தெரிந்தும் ஏன் பார்க்கிறீர்கள் என்று நான் கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமை வேறு என்ன வேலை இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார்.

கார் ஆலையில் 31 ஆண்டுகள் லைனில் நின்று கதவு மாட்டியவர் அவர். ஆட்டத்தைப் பற்றி எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடமும் லைனைப் பற்றியதுதான். பந்தை எல்லாரும்தான் பார்க்கிறார்கள், நீ லைனைப் பார் என்றார். பந்தைக் கையில் வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து பேர் சுவர்போல் நிற்பார்கள். ஒவ்வொருவரும் ஏறத்தாழ 140 கிலோ எடை. எதிரணியின் ஆட்கள் பாய்ந்து வரும்போது இரண்டு மூன்று விநாடிகள் அவர்களைத் தடுத்து நிறுத்துவதே இவர்களுடைய வேலை. இவர்களுக்குப் பந்து வராது, புள்ளிப் பட்டியலில் பெயரும் வராது. பிழை செய்தால் மட்டும் நடுவர் இவர்களுடைய எண்ணை ஒலிபெருக்கியில் அறிவிப்பார். தர ஆய்வுப் பிரிவில் இருக்கும் எனக்கு இதை மேலும் விளக்கத் தேவையிருக்கவில்லை. சரியாக மாட்டிய கதவைப் பற்றி யாரும் எனக்கு எழுதியதில்லை.

ஆகவே என் இரண்டாவது நன்றி டெய்லர் டெக்கர், ஜோனா ஜாக்சன், ஃபிராங்க் ராக்னோ, கிரஹாம் கிளாஸ்கோ, பெனே சூவெல் ஆகிய ஐவருக்கும் உரியது. இவர்களுள் டெக்கர் 2016இல் இங்கே வந்தவர். தோல்விகளை எண்ணி எண்ணி அலுத்த ஆண்டுகளிலும் இடது ஓரத்தைக் காத்து நின்றவர். நடுவில் நின்ற ராக்னோ, தீராத கால் விரல் காயத்தோடு ஆண்டுக்கணக்கில் ஆடிவந்தவர். டிசம்பரில் முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு அதே மாதத்தில் களத்துக்குத் திரும்பினார். அமான்-ரா செயின்ட் பிரௌன் 119 முறை பந்தைப் பிடித்து 1,515 கெஜம் ஓடியதையும், புதிதாக வந்த சாம் லபோர்ட்டா 86 முறை பிடித்து, டைட் எண்ட் (லைனின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்) இடத்தில் ஆடும் புதியவர் எவரும் அதுவரை எட்டாத எண்ணிக்கையை எட்டியதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும், அவர்கள் ஓடி முடிக்கும்வரை பந்தை எறிபவர் நிமிர்ந்து நின்றிருக்க வேண்டும் அல்லவா?

அப்படி நிமிர்ந்து நின்றவர் ஜாரெட் காஃப். 2021இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி, பன்னிரண்டு சீசன் இங்கே ஆடிய மேத்யூ ஸ்டாஃபர்டைப் பெற்றுக்கொள்வதற்காக, கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இரண்டு முதற்சுற்று வாய்ப்புகளும் ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பும் சேர்த்துக் காஃபை இங்கே அனுப்பியது. கூடவே இனாம் கொடுத்துத் தள்ளிவிட்ட வேண்டாத பொருளைப் போலத்தான் அப்போது பலரும் அவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், அதற்காக இங்கே வருத்தம் தெரிவிக்கிறேன். பொது மேலாளர் பிராட் ஹோம்ஸ் அப்படிப் பார்க்கவில்லை. கிடைத்த வாய்ப்புகளை அவர் ஒரு சிக்கனமான குடும்பத் தலைவியைப் போலச் செலவழித்தார். 2023இல் கைக்கு வந்த ஆறாவது தேர்வை அப்படியே பயன்படுத்தாமல், பன்னிரண்டாவது இடத்துக்கு இறங்கி ஜாமிர் கிப்ஸை எடுத்து, அந்தப் பரிமாற்றத்தில் வந்த 34ஆவது தேர்வில் லபோர்ட்டாவையும் எடுத்துக்கொண்டார். அவருக்கும், 2021இல் 3 வெற்றி, 13 தோல்வி, ஒரு சமன் என்று முடிந்த பிறகும், 2022இன் முதல் ஏழு ஆட்டங்களில் ஆறில் தோற்ற பிறகும் பயிற்சியாளர் டேன் கேம்பெல்லை மாற்றாமல் பொறுத்திருந்த உரிமையாளர் ஷீலா ஃபோர்டு ஹேம்ப் அம்மையாருக்கும் நன்றி. அந்தப் பொறுமை எனக்கு இருந்திருக்காது.

செப்டம்பர் 7ஆம் தேதி, நடப்புச் சாம்பியனான கேன்சஸ் சிட்டியை அவர்கள் ஊரிலேயே 21–20 என்று வென்றதையும், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மினசோட்டாவை 30–24 என்று வென்று 1993க்குப் பிறகு முதல் முறையாகப் பிரிவுப் பட்டத்தைக் கைப்பற்றியதையும் எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் ஜனவரி 14ஆம் தேதியைப் பற்றி எழுத வேண்டும்.

அன்று போகி. தோற்றால் வெளியேற வேண்டிய பிளேஆஃப் சுற்றின் முதல் ஆட்டம் லயன்ஸின் சொந்த அரங்கமான ஃபோர்டு ஃபீல்டில், எதிரணி ராம்ஸ், அவர்களுடைய குவாட்டர்பேக் அதே ஸ்டாஃபர்ட். பெரியவரிடம் இரண்டு சீசன் டிக்கெட்டுகள் உண்டு. அவரோடு வழக்கமாக வரும் நண்பர் ஃபுளோரிடாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டதால் இந்த ஆண்டு அந்த இருக்கையை எனக்குக் கொடுத்திருந்தார். மறுநாள் காலை ஷிஃப்டை எனக்காக ஏற்றுக்கொண்ட சக ஊழியருக்கு இங்கே நன்றி சொல்லிவிடுகிறேன். பதிலுக்கு நான் அவருக்காக நின்ற இரண்டு சனிக்கிழமைகளைக் கணக்கில் வைத்துக்கொண்டாலும் அது பெரிய உதவி. பொங்கலுக்கு முதல் நாள் இரவில் வீட்டை விட்டுப் போகிறாயா என்று என் மனைவி கேட்கவில்லை. இந்த ஊரில் தெருவில் எதையும் கொளுத்த முடியாது, 32 வருஷத்துப் பழசு ஒன்று அங்கே கிடக்கிறது, அதையாவது கொளுத்திவிட்டு வாருங்கள் என்றுதான் சொன்னாள்.

அந்தப் பழசு என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். லயன்ஸ் கடைசியாகச் சாம்பியன் ஆனது 1957இல். பெரியவர் அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுவர். கிளீவ்லேண்டை 59–14 என்று வென்ற அந்த ஆட்டத்தைத் தந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து வானொலியில் கேட்டிருக்கிறார். அதன் பிறகு பிளேஆஃப் ஆட்டங்களில் அணி வென்றது ஒன்றே ஒன்றை, 1992 ஜனவரி 5ஆம் தேதி டாலஸை. அன்று பெரியவருக்கு இரவு ஷிஃப்ட்.

அரங்கத்தில் இருந்த இரைச்சலை நான் விவரிக்கப் போவதில்லை. ஃபோர்டு ஃபீல்டு கூரை மூடிய அரங்கம், சுமார் 65,000 பேர் என்று சொன்னால் போதும். காஃபின் பெயரைச் சொல்லிச் சொல்லி அவர்கள் முழங்கினார்கள். ஸ்டாஃபர்ட் களத்துக்கு வந்தபோது பெருங்கூச்சலிட்டு அவமதித்தார்கள். அதில் நான் சேரவில்லை, பெரியவரும் சேரவில்லை. மோசமான அணிகளில் உடம்பைக் கொடுத்து ஆடிய மனிதர் ஸ்டாஃபர்ட். அவர் விலகியதால்தான் இவ்வளவும் நமக்கு வந்தது. அன்றும் 367 கெஜம் எறிந்து நம்மைக் கலங்கடித்தார். முதல் மூன்று முறை பந்து கிடைத்தபோதும் அதை எதிரணியின் கடைக்கோடிக்குக் கொண்டுசேர்த்து டச் டவுன் அடித்த லயன்ஸ், பிற்பாதியில் பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் ஒன்றோடு நின்றுபோய், 24–23 என்ற ஒற்றைப் புள்ளி முன்னிலையில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் இன்னும் ஒரு முறை முன்னேறினால் கடிகாரத்தை ஓட்டி முடித்துவிடலாம் என்ற நிலை. எல்லாரும் எழுந்து நின்றார்கள். பெரியவர் என் முழங்கையைப் பிடித்து, லைனைப் பார் என்றார். பார்த்தேன். ஐந்து பேரும் ஓரடிகூடப் பின்வாங்கவில்லை. காஃப் எறிந்ததையும் செயின்ட் பிரௌன் பிடித்ததையும் நான் பிறகு பெரிய திரையில்தான் பார்த்தேன்.

வெளியே வந்தபோது உறைபனிக் குளிர். வாகன நிறுத்தத்தின் நான்காவது மாடியில் என் காரின் பேட்டரி உயிரை விட்டிருந்தது. எல்லாரும் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், லயன்ஸின் பழைய நட்சத்திரம் பேரி சாண்டர்ஸின் 20ஆம் எண் சட்டை அணிந்த ஒருவர், பின்னால் இருந்த வண்டிகளின் வசவுகளைப் பொருட்படுத்தாமல் தம் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, ஜம்பர் கேபிளை எடுத்து மாட்டி, என் கார் கிளம்பும்வரை கையுறை இல்லாத கைகளை ஊதிக்கொண்டு நின்றார். பெயரைக் கேட்டேன். நாமெல்லாம் இன்றைக்கு ஜெயித்துவிட்டோம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஐயா, தமிழில் எழுதிய இந்த மடல் தங்களை வந்து சேராது என்று எனக்குத் தெரியும்; ஆயினும் தங்களை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. விடியற்காலையில் வீட்டில் பொங்கல் பொங்கியபோது, பெரியவரும் சமையலறையில் நின்று என் மகளோடு சேர்ந்து கத்தினார். அவள் அவரைத் தாத்தா என்றே அழைக்கிறாள். அந்தச் சொல்லின் பொருள் தெரிந்ததிலிருந்து அவரும் தம் பெயரைவிட அதற்குத்தான் சட்டென்று திரும்பிப் பார்க்கிறார்.

அடுத்த வாரம் டாம்பா பேயை 31–23 என்று வென்ற பிறகு வந்தது சான்டா கிளாரா. அந்த ஆட்டத்தை ஃபோர்டு ஃபீல்டில் திரையிட்டார்கள். கீழே ஆட்டக்காரர்கள் இல்லாத களம், மேலே திரை, நாங்கள் இருவரும் இருக்கையில். 24–10 என்றிருந்தபோது, பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் கடைசி முயற்சியான நான்காவது டவுனில் ஃபீல்டு கோலுக்கு முயலாமல் எறியச் சொன்னார் கேம்பெல். பந்து பிடிபடாமல் விழுந்தது. எதிரணி எறிந்த நீண்ட பந்து ஒன்று நம் ஆளின் தலைக்கவசத்தில் பட்டுத் தெறித்து அவர்கள் கைக்கே போயிற்று. 27–24 என்று பின்தங்கியபோது மீண்டும் நான்காவது டவுன், மீண்டும் அதே துணிவு, மீண்டும் தோல்வி. இதற்காகக் கேம்பெல்லை இன்றுவரை ஏசிக்கொண்டிருக்கிறார்கள். முதல் முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டாவதில் மூன்று புள்ளியை எடுத்து ஆட்டத்தைச் சமன் செய்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் அதே துணிவுதான் எங்களை அதுவரை கொண்டு வந்தது என்பதையும், இப்படி ஒரு வாய்ப்பு திரும்ப வருவது எவ்வளவு கடினம் என்று ஆட்டம் முடிந்ததும் அவரே ஒளிக்காமல் சொன்னதையும் மறக்க முடியாது. பயிற்சியாளர் அவர்களே, வருத்தம் இருக்கிறது, மனக்குறை இல்லை. வேறு அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போகும் வாய்ப்பை விட்டுவிட்டு 2024இல் இங்கேயே தங்கிவிட்ட துணைப் பயிற்சியாளர் பென் ஜான்சனுக்கும் இவ்விடத்தில் நன்றி.

டிசம்பர் 30ஆம் தேதி டாலஸ் அணியுடன் ஆடியபோது நடந்ததையும் ஒரு வரி சொல்லியாக வேண்டும். 20–19 என்று பின்தங்கியிருந்த கடைசி விநாடிகளில், எறிந்த பந்தை வழக்கமாகப் பிடிக்கவே கூடாத டெக்கர், டச் டவுனுக்குப் பிறகு கிடைக்கும் இரண்டு புள்ளிக்கான முயற்சியில் பந்தைப் பிடித்தார். லைனில் நிற்பவர் பந்தைப் பிடிப்பதானால் முன்கூட்டியே நடுவரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னேன் என்கிறார் டெக்கர். சொன்னது வேறு ஒருவர் என்று நடுவர் அறிவித்தார். புள்ளி செல்லவில்லை, ஆட்டமும் போயிற்று. வாழ்நாளெல்லாம் லைனைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், லைனில் நிற்பவர் ஒருவர் வெற்றிப் பந்தைப் பிடித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டேன், கணக்கில் எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன என்றார். பிறகு தொலைக்காட்சியை நோக்கி வேறு சிலவும் சொன்னார்; அவை இம்மடலுக்கு உரியவை அல்ல.

அடுத்த சீசனுக்கு டிக்கெட்டுகளைப் புதுப்பிக்கும் வேலை வந்திருக்கிறது. இரண்டாவது இருக்கைக்கு உரிய பணத்தை நானே கட்டுவேன் என்று சொல்லியிருக்கிறேன். பெரியவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பாதிப் பணம், மீதிக்கு என் மனைவியின் எலுமிச்சைச் சாதம் என்று பேரம் நடந்துகொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
நன்றியுடன்,
தங்கள் பக்கத்து வீட்டுக்காரன்