அச்சு இலை

லண்டன்
ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வால்பாறையில் மழை பிடித்துவிட்டதா? இங்கே ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம். லீவு நாளில் என்னடா செய்கிறாய் என்று கேட்டாயே, போனில் சொன்னால் சிரிப்பாய், அதனால் எழுதுகிறேன். எப்பிங் காட்டுக்கு ரயிலேறிப் போய், ஒடிந்து கிடக்கும் பெரணி இலைகளைப் பொறுக்கி வருகிறேன்.

படம் எடுக்கத்தான். ஆனால் கேமரா கிடையாது. இரண்டு இரும்பு உப்புக் கரைசல்களைக் கலந்து, அரை இருட்டில் தாளில் பூசிக் காயவைப்பேன். அதன்மேல் இலை, இலைமேல் கண்ணாடி, அப்புறம் வெயில். தாள் சாம்பல் பூத்ததும் தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடம் நீலம், இலை மறைத்த இடம் வெள்ளை. சயனோடைப் என்று பெயர். ஒரு தடவை தட்டில் சோப்புப்பொடி ஒட்டியிருந்ததைப் பார்க்காமல் அலசி, நீலமெல்லாம் வெளுத்துப்போனது.

முதல் தாளைத் தூக்கிப் பிடித்தபோது உன் பள்ளிக்கூடப் பாவாடைதான் ஞாபகம் வந்தது. நம் பாடி வீட்டு வரிசைக்குக் கீழே பாதையோர மண்திட்டில் முளைக்குமே, அடிப்பக்கம் வெள்ளைப் பொடி பூசின பெரணி, நாம் அச்சு இலை என்போமே, அதேதான். சத்தமில்லாமல் பின்னால் வந்து, உன் பாவாடையில் வைத்து ஓங்கி ஒரு அடி. நீலத் துணியில் நடுக் காம்பும் இரண்டு பக்கப் பல்லும் ஒன்று விடாமல் விழும். அதோடு வகுப்புக்குப் போய் நீ முட்டிபோட்டாய். சாயங்காலம் எனக்கு விழுந்தது வேறு அடி. அந்தச் செடிக்குப் பூர்வீகம் அமெரிக்கக் கண்டமாம்! நம் மலைச் செடி என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

பூ வைத்துப் பண்ணு, விற்கும் என்கிறார்கள் இங்கே. பூ வெறும் வெள்ளைத் திட்டாகத்தான் விழுகிறது. எனக்குப் பெரணிதான்.

இந்த முறையில் முதலில் புத்தகம் போட்டவர் அன்னா அட்கின்ஸ் என்ற இங்கிலாந்துக்காரி. 1843இல், கடல்பாசிப் படங்கள். 1852இல் அவர் அப்பா இறந்துபோக, சின்ன வயதிலிருந்து கூடப்பிறந்தவள் மாதிரி வளர்ந்த ஆன் டிக்சன் வந்து கூடத் தங்கியிருக்கிறார். அடுத்த வருஷமே இருவரும் சேர்ந்து ஒரு ஆல்பம் போட்டார்கள். அது முழுக்கப் பெரணி. நம் அப்பா இறந்துபோன வருஷம் நீ என் அறையில் வந்து படுத்துக்கொண்டது நினைவிருக்கிறதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பூசின தாள் பத்து, கறுப்பு உறையில் வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிரிக்காதே. மழை விட்ட நாளில் அச்சு இலை பறித்து, பொடியை நன்றாகத் தட்டிவிட்டு வை. பத்து நிமிஷ வெயில் போதும். அலச வெறும் தண்ணீர்தான், சோப்பு கூடாது. கண்ணாடிக்காகச் சாமி படத்தைக் கழற்றாதே, அம்மா கத்துவாள். பரணில் அப்பாவின் பழைய காலண்டர் ஃபிரேம் கிடக்கும், அதை எடுத்துக்கொள்.

உன் தம்பி