தண்டனையாக இருந்த தோட்டம்

ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளித் தோட்டங்களுக்கு வெளிநாட்டு உதவி வருவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எவ்வளவு பணம், எத்தனை பள்ளி என்ற கணக்கெல்லாம் சரி. மண்வெட்டியைப் பிடிக்கிற பிள்ளைக்கு அதில் விருப்பம் இருக்கிறதா என்பதைத்தான் காணோம்.

உகாண்டாவில், தாமதமாக வந்தவர்களையும் சேட்டை செய்தவர்களையும் பள்ளி நிலத்தில் வேலை வாங்குவது நெடுநாள் வழக்கம். விவசாயம் என்றாலே தண்டனை என்று பதிந்துபோன பிள்ளை, வளர்ந்த பிறகு வயல் பக்கம் திரும்புமா? மக்கெரேரே பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்த எட்வர்ட் முக்கீபி இந்த வழக்கத்தை அனுபவித்து வளர்ந்தவர். 2006இல் நண்பர் ஒருவருடன் சேர்ந்து பள்ளிகளில் தோட்டம் போடும் திட்டத்தைத் தொடங்கினார். வெளிநாட்டுக் காய்கறி எதையும் தேடிப் போகவில்லை. டோடோ என்று அங்கே சொல்லும் கீரை (நம் முளைக்கீரைக்கு உறவுக்காரி), கத்தரி இனங்கள் என்று ஊரில் விளைவதையே பிள்ளைகள் பயிரிட்டார்கள்.

இத்தாலியில் பிறந்த, உள்ளூர் உணவைக் காப்பாற்றப் பாடுபடும் ஸ்லோ ஃபுட் இயக்கம் 2010இல் ஆப்பிரிக்காவில் ஆயிரம் தோட்டங்கள் போடப்போவதாக அறிவித்தது. அப்புறம் அந்த இலக்கு பத்தாயிரமானது. ஏதோ ஒரு நாட்டில் இருக்கும் குழு ஒரு தோட்டத்துக்குப் பணம் தரலாம். ஆனால் பொறுப்பு உள்ளூர் ஆட்களிடம். நாட்டு ரகம், தாங்களே எடுத்துவைத்த விதை, தாங்களே போட்ட மக்கு உரம். 2022இல் அந்த இயக்கத்தின் உலகத் தலைவராகவே முக்கீபி வந்துவிட்டார். பணம் ஒரு பக்கமிருந்து வந்தாலும் யோசனை மறுபக்கமிருந்தும் போகலாம் என்பது இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

நான் வேலை பார்த்த பள்ளிக்கும் ஒரு முறை வெளிநாட்டுக் குழு ஒன்று உதவியது. சொட்டுநீர்க் குழாய், கம்பி வேலி, கலப்பின விதைப் பாக்கெட்டுகள், ஆளுயரப் பெயர்ப்பலகை எல்லாம் வந்தன. கோடை விடுமுறையில் தண்ணீர் பாய்ச்ச ஒரு ஆளுக்குக் கூலி கேட்டோம். 'ஆள் செலவுக்குத் திட்டத்தில் இடமில்லை' என்று பதில் வந்தது. ஜூனில் கேட்டைத் திறந்தால் காய்ந்த தக்காளிக் குச்சிகளும் அணில் கடித்த குழாயும்தான் மிச்சம். பலகை மட்டும் பளபளவென்று நின்றது. மறுபடி விதைக்கலாம் என்றால், அவர்கள் தந்த கலப்பின ரகத்தில் விதை எடுத்துப் பயனில்லை.

பழியை அவர்கள் மேல் மட்டும் போட முடியாது. மணி அடித்த பிறகு வருகிறவனைத்தான் நாங்களும் குடத்தைக் கொடுத்துத் தோட்டத்துக்கு அனுப்பினோம். நானே அனுப்பியிருக்கிறேன்.

அந்த ஜூனில் பள்ளியில் பச்சையாக இருந்தது ஒன்றே ஒன்று. சத்துணவு சமையலம்மா, பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடமாகப் பார்த்து ஊன்றியிருந்த முருங்கைக் கிளை. அடுத்தமுறை உங்கள் நிருபர் ஏதாவது பள்ளித் தோட்டத்தைப் பார்க்கப் போனால், பலகையைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பாமல், மே மாதத்தில் இங்கே தண்ணீர் ஊற்றுவது யார் என்று ஒரு வார்த்தை கேட்டுவரச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.