மூளி அலங்காரி எண்ணிய நெல்

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் படித்துவிட்டேன். நல்லதங்காளை வைத்து மாயக்கதை நாவல் எழுதுகிறாய் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று போனில் சொல்ல வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். எழுத்து நன்றாக ஓடுகிறது. ஒன்று மட்டும் மனதுக்கு ஒப்பவில்லை. பழைய கதையில் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்து சாகிறவள் அவள். உன் நல்லதங்காளுக்கோ கிணற்றடியில் மந்திர சக்தி வந்து, பிள்ளைகளோடு வீடு திரும்பிவிடுகிறாள். அந்தக் கிணற்றைத் தூர்த்துவிடாதே, கண்ணு.

நீ இங்கே விட்டுப் போன புத்தகங்களை நானும் ஒவ்வொன்றாகப் படித்தேன். நவோமி நோவிக்கின் ‘ஸ்பின்னிங் சில்வர்’ (2018) எனக்கு மிகவும் பிடித்தது. வைக்கோலைப் பொன்னாக நூற்றுக் கொடுத்துவிட்டுக் கூலியாகப் பிள்ளையைக் கேட்கும் குள்ளன் கதைதான் அதற்கு மூலம், கிரிம் சகோதரர்கள் தொகுத்தது. நோவிக் அதை ஒரு யூத வட்டிக்காரரின் மகளிடமிருந்து தொடங்குகிறார். அப்பா இளகிய மனசுக்காரர், கொடுத்த கடனைக் கேட்டு வாங்கத் தெரியாதவர். வாங்கியவர்கள் நன்றாக இருக்க, இவர்கள் வீட்டில் பட்டினி. கடைசியில் மகளே வசூலுக்குக் கிளம்புகிறாள். இத்தனை நாளும் கடன் வாங்கியவர்கள் சொன்ன கதையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று அங்கே உறைக்கிறது. பனி ராஜாவும் மாயமும் அப்புறம்தான்.

நம் பினாங்கில் நடக்கிற ‘பிளாக் வாட்டர் சிஸ்டர்’ (2021) இன்னும் நெருக்கம். ஸென் சோ மலேசியக்காரர் அல்லவா, அமெரிக்காவிலிருந்து பெற்றோரோடு திரும்புகிற பெண்ணின் காதில் செத்துப்போன பாட்டி பேச ஆரம்பிப்பதை எவ்வளவு இயல்பாக எழுதியிருக்கிறார்! கோயில் இருக்கும் நிலத்தில் கட்டடம் கட்ட ஆள் வருவதும் சாமிக்குக் கோபம் வருவதும் நமக்குப் புதிதா என்ன? தோட்டங்களை விற்று வீடுகள் கட்டியபோது எத்தனை முனீஸ்வரர் கோயில்கள் இடம் பெயர்ந்தன. அந்தச் சாமியை அவர் சாந்தப்படுத்தி அழகு பார்க்கவில்லை. அதனால்தான் படிக்கும்போது பயமாக இருக்கிறது.

சரி, நல்லதங்காளுக்கு வருகிறேன். அச்சில் வந்த கதைப்பாட்டை நீ படித்திருக்கிறாய். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பாட்டி பாடியதை நீ கேட்டதில்லை. சாயங்காலம் நாலைந்து பெண்கள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏழு பிள்ளைகளோடு நல்லதங்காள் அண்ணன் வீட்டு வாசலுக்கு வரும்வரை பாட்டி அழுகிற குரலில்தான் பாடுவார். அண்ணி மூளி அலங்காரி வந்ததும் குரல் மாறிவிடும். கதவைச் சாத்துவதற்கு முன் அவள் உள்ளே போய் நெல் சேர்த்து வைக்கும் குதிருக்குள் கையை விட்டுத் துழாவுவாள், எத்தனை படி தேறும் என்று வாய்க்குள் எண்ணுவாள். பாட்டி அந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டு நிஜமாகவே விரல்களை மடக்கி எண்ணுவார். முறங்களின் சத்தம் நின்றுவிடும். மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர்கள் அவர்கள். பஞ்சத்தில் எட்டு வாய் கூடுதலாக வந்து நின்றால் என்ன ஆகும் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணியை யாரும் மன்னிக்கவில்லை, வாய் நிறையத் திட்டுவார்கள். ஆனால் அவள் போட்ட கணக்கு தப்பு என்று ஒருத்தியும் சொன்னதில்லை.

கிரிம் சகோதரர்களின் 1812ஆம் வருஷப் பதிப்பில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்லத் துணிகிறவள் பெற்ற தாய். 1819இல் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். நம் கதையிலும் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டவள் தாய்தான், பழி முழுக்க அண்ணி தலையில். வேட்டைக்குப் போயிருந்த அண்ணன் திரும்பி வந்து அவளைக் கொன்று தானும் சாகிறான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டவர் யார்? நீ கேள். அவளை நல்லவளாக்கச் சொல்லவில்லை. அவள் குதிருக்குள் கையை விட்ட நேரத்தில் என்ன நினைத்தாள் என்று எழுது.

உன் மாயத்தையும் அங்கே கொண்டு போய் வை. அந்தக் குதிர் பேசட்டும், பொய் சொல்லத் தெரியாத குதிராக இருக்கட்டும். கிணறும் இருக்கட்டும், பிள்ளை கெஞ்சுவதும் இருக்கட்டும். அதை எழுதும்போது உனக்குக் கை நடுங்கும். நடுங்கினாலும் எழுது.

பாட்டி பாடியதில் பாதிதான் எனக்கு நினைவிருக்கிறது. மீதி சுங்கை பட்டாணியில் உன் பெரியம்மாவுக்குத் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை போய் அவரைப் பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். இப்போது அவருக்கு மூச்சு வாங்குகிறது, ராகம் முன்னே பின்னே இருக்கும், நீ வார்த்தைகளைக் கவனி. நாலாம் அத்தியாயத்தை அதைக் கேட்ட பிறகு ஆரம்பி.

அன்புடன்,
அம்மா